சவரக்கத்தியின் முதுகும் வெட்டுவாயும்: புதுக் கத்தியில் நேரும் உற்பத்திக் குறைகள்

சமையல் கத்தியைச் சாணைக்கல்லில் எவ்வளவு சாய்த்துப் பிடிப்பது என்பதைத் தீட்டுபவரின் கை முடிவு செய்கிறது. மடக்குச் சவரக்கத்தியில் கைக்கு அந்த உரிமை இல்லை. கத்தியைக் கல்லின்மேல் படுக்க வைத்தால் அதன் தடித்த முதுகும் மெல்லிய வெட்டுவாயும் ஒருசேரக் கல்லைத் தொடுகின்றன. அதனால் கூரின் கோணம் கத்தி பட்டறையை விட்டு வரும்போதே முடிவாகிவிடுகிறது. அலகின் அகலம் 16 மில்லிமீட்டர், முதுகின் தடிப்பு 4.5 மில்லிமீட்டர் என்றால், இரு பக்கச் சரிவுகளும் கூடுமிடத்தில் ஏறத்தாழ 16 பாகைக் கோணம் அமையும். அதே அகலத்தில் முதுகு 5.5 மில்லிமீட்டராகத் தடித்தால் கோணம் 20 பாகையை நெருங்கும். 4 மில்லிமீட்டராக மெலிந்தால் பதினான்கரைப் பாகைக்கு இறங்கும். முன்னது தாடி மயிரை அறுப்பதற்குப் பதில் இழுக்கும். பின்னதன் கூர் சில சவரங்களிலேயே உதிரத் தொடங்கும்.

வாங்குபவர் வெட்டுவாயில் காணும் குறைகள் பலவும் வெட்டுவாயில் பிறந்தவை அல்ல என்பது இந்த அமைப்பிலிருந்து விளங்கும். முதுகிலோ, தோளிலோ, உலையிலோ, ஆணியிலோ நேர்ந்த பிழை கடைசியில் வெட்டுவாயில் வந்து வெளிப்படுகிறது. ஆகவே புதுக் கத்தியின் தரத்தை ஆராய்வதற்கு அது உருவாகும் வரிசையே ஏற்ற வரிசை. அதற்குமுன் உறுப்புகளின் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும். அலகின் மேற்புறத் தடிப்பு முதுகு, கீழ்ப்புறம் வெட்டுவாய். கைப்பிடிக்கு அருகிலுள்ள முனை குதி, எதிர்முனை மூக்கு. அலகு காம்போடு சேரும் தடித்த இடம் தோள். காம்பில் துளையிட்டு, தறையாணி கொண்டு இரண்டு பிடித் தகடுகளுக்கு நடுவே கத்தி பொருத்தப்படுகிறது.

எஃகும் அடித்துருவாக்கலும்

சவரக்கத்திக்கு ஏறத்தாழ ஒரு சதவீதமோ அதற்குச் சற்று மேலோ கரி கலந்த எஃகு வழக்கமாகப் பயன்படுகிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பியப் பட்டறைகளுக்குக் கிடைத்த எஃகில் கரி ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் இருந்தது, கசடும் சிக்கியிருந்தது. 1740களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு வட்டாரத்தில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் எஃகை மூசையிலிட்டு முழுவதும் உருக்கி ஊற்றும் முறையைக் கண்டார். சீரான எஃகு அதன்பின் கத்திப் பட்டறைகளை எட்டியது. தென்னிந்தியக் கொல்லர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மூசையில் எஃகு ஆக்கி வந்தனர். வூட்ஸ் என்ற பெயரில் ஐரோப்பாவுக்குப் போன அந்த எஃகை மைக்கேல் ஃபாரடேயும் லண்டனில் கத்தி, அறுவைக் கருவிகள் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் ஆராய்ந்தனர். எஃகுக் கலவைகள் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1820இல் வெளிவந்தது.

இன்றைய ஆலை எஃகில் கசடுப் பிழை அரிது. குறை பெரும்பாலும் தேர்விலேயே நேர்கிறது. மலிவான கத்திகள் சில, கடினமாக்க முடியாத அளவுக்குக் கரி குறைந்த துருப்பிடிக்காத தகட்டிலிருந்து வெட்டி எடுக்கப்படுகின்றன. அவை பார்வைக்குச் சவரக்கத்தி போலவே இருக்கும். ஆனால் எந்தக் கல்லில் எத்தனை நாள் தீட்டினாலும் கூர் நிற்காது. தக்க அளவு கரியும் 13 சதவீதம் அளவு குரோமியமும் சேர்ந்த எஃகு நல்ல சவரக்கத்திக்கு உதவும். எனவே துருப்பிடிக்காத எஃகு என்பதற்காக மட்டும் ஒரு கத்தியை ஒதுக்குவது சரியன்று.

நல்ல கத்தி பழுக்கக் காய்ச்சிய எஃகுத் துண்டை இரண்டு அச்சுகளுக்கிடையே வைத்து இயந்திரச் சம்மட்டியால் அடித்து உருவாக்கப்படுகிறது. மேலச்சும் கீழச்சும் சற்றே விலகி நின்றால் முதுகின் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று இசையாமல் விலகும். காய்ச்சலில் எஃகின் மேல் படியும் செதில் அடியில் அமுங்கினால் சிறு குழிகள் விழும். இவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள். இந்தக் கட்டத்திலேயே ஒதுக்கினால் இழப்பு குறைவு. அடுத்த கட்டங்களுக்குப் போன பிறகு கண்டுபிடித்தால் அத்தனை பேருடைய உழைப்பும் அதோடு சேர்ந்து வீணாகும்.

தோய்ச்சலில் நேரும் குறைகள்

அடித்து உருவாக்கிய கத்தியை 780 முதல் 800 பாகை செல்சியஸ் வரை சூடேற்றி எண்ணெயில் சட்டென்று தோய்க்கிறார்கள். எஃகு கண்ணாடி போலக் கடினமாகிறது. கூடவே நொறுங்கும் தன்மையும் வருகிறது. பின்னர் 150 முதல் 200 பாகை வரை மிதமாகச் சுட்டுப் பதம் பார்க்கிறார்கள். இறுதியில் ராக்வெல் சி அளவையில் 60ஐ ஒட்டிய கடினம் நிற்பது விரும்பத்தக்கது.

இங்கு நான்கு விதமான பிழைகள் நேரலாம். சூடு குறைந்தால் எஃகு முழுமையாகக் கடினமாகாது. சூடு மிகுந்தால் எஃகின் உட்பரல்கள் பருத்து, வெட்டுவாய் பொரிந்து உதிரும். உலையின் காற்று எஃகின் மேற்பரப்பிலுள்ள கரியை உண்டுவிட்டால் மேல்தோல் மென்மையாகிவிடும். நான்காவது, தோய்க்கும்போது உண்டாகும் கோணல். கடினமாகும் எஃகு சற்றுப் பருக்கிறது; மெல்லிய வெட்டுவாய் முந்திக் குளிர, தடித்த முதுகு பிந்திக் குளிர்கிறது. இந்த வேறுபாடு அலகை ஒரு பக்கமாக வளைக்கலாம், முறுக்கலாம், சில வேளை விரிசலும் விடலாம். விரிசல் விட்ட கத்தியைக் காப்பாற்ற வழியில்லை. சிறு வளைவைத் தேர்ந்த கைகள் சுத்தியால் தட்டி நிமிர்த்துகின்றன.

கடினத்தைச் சோதிப்பதில் அடிப்படையான ஓர் இடர்ப்பாடு உண்டு. ராக்வெல் சி சோதனையில் வைரக் கூம்பை 150 கிலோ சுமையால் எஃகில் அழுத்துகிறார்கள். அந்தச் சுமையை மெல்லிய வெட்டுவாய் தாங்காது; காம்பிலோ முதுகிலோதான் அழுத்த முடியும். எந்த இடத்தின் கடினம் சவரத்துக்கு முக்கியமோ அந்த இடத்தை, கத்தியைக் கெடுக்காமல், இம்முறையில் அளக்க முடிவதில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றிரண்டு கத்திகளைக் குறுக்கே அறுத்து, நுண்ணோக்கியின்கீழ் சிறு சுமையால் வெட்டுவாயின் கடினத்தைப் பார்க்கலாம். மற்றவற்றுக்கு உலையின் வெப்பத்தையும் எண்ணெயின் நிலையையும் இடைவிடாமல் கண்காணிப்பதே காவல். வால்டர் ஷூவார்ட் 1924இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடம் இத்தகைய இடத்துக்குப் பொருந்தும். பண்டம் கெட்ட பிறகு கண்டுபிடிப்பதைவிட, செய்முறை வழி தவறத் தொடங்கும்போதே அது எச்சரிக்கிறது.

சாணைச் சக்கரத்தில் நேரும் குறைகள்

சவரக்கத்தியின் இரு பக்கங்களும் உள்வாங்கி இருப்பது உருளும் சாணைச் சக்கரத்தின் வேலை. குழிவு ஆழமாக ஆழமாக வெட்டுவாயை ஒட்டிய எஃகு மெலிகிறது. முழுக்குழிவுக் கத்தியில் விரல்நகத்தின்மேல் வெட்டுவாயை மென்மையாக அழுத்தினால் எஃகு வளைந்து நிமிர்வதைக் காணலாம்.

மெலிந்த எஃகு சூட்டைத் தாங்காது. சக்கரம் அழுந்தினாலோ குளிர்நீர் போதாவிட்டாலோ வெட்டுவாய் கணநேரத்தில் சுட்டுவிடும். எஃகு 220 பாகையைத் தாண்டினால் வைக்கோல் நிறமும், 300 பாகையை நெருங்கினால் நீலமும் காட்டும். நீலம் ஏறிய இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். மெருகேற்றும்போது அந்த நிறம் போய்விடும். இறங்கிய பதம் திரும்புவதில்லை. கத்தி பளபளவென்று கடைக்கு வரும். ஒரு குறிப்பிட்ட அரை அங்குலத்தில் மட்டும் கூர் அடிக்கடி மழுங்குவதைக் கொண்டு பின்னாளில்தான் அதைக் கண்டறிய முடியும்.

வடிவப் பிழைகளும் சக்கரத்தில் பிறக்கின்றன. ஒரு பக்கக் குழிவு மறுபக்கத்தைவிட ஆழமானால் வெட்டுவாய் நடுக்கோட்டிலிருந்து விலகும். முதுகு குதியருகே தடித்தும் மூக்கருகே மெலிந்தும் போனால், அகலமும் அதே விகிதத்தில் குறையாதபோது, கோணம் ஒரே கத்தியில் இடத்துக்கு இடம் மாறும். தோளின் தடிப்பை வெட்டுவாய்க்கு மிக அருகே கொண்டுவந்து நிறுத்தினால், கத்தி கல்லில் படுக்கும்போது தோள் கல்லின் ஓரத்தில் ஏறி, குதிப்பக்கத்து வெட்டுவாயைத் தூக்கிவிடும். தூக்கிய இடத்தைக் கல்லில் படவைக்க மேலும் மேலும் அழுத்துவோர் நாளடைவில் குதியைக் கொக்கி போலாக்கிவிடுவார்கள்.

வெட்டுவாயின் ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். நடுவில் சற்று முன்தள்ளிய, பிறை போன்ற மென்வளைவு குறையன்று. பல நல்ல கத்திகள் அப்படித்தான் செய்யப்படுகின்றன. நடுவில் உள்வாங்கிய வளைவு குறை. தட்டையான கல்லில் அதன் இரு முனைகள் மட்டுமே தேயும். நடுப்பகுதி கல்லைத் தொடாது.

மெருகும் கைப்பிடியும்

மெருகு அழகைத் தருவதோடு துருவையும் ஓரளவு தடுக்கிறது. கரடான சாணைக் கீறல்கள் வெட்டுவாய் வரை ஓடினால் அங்கே ஈரம் தங்கும், துருக்குழி விழும், அந்தக் குழிகளில் கூர் உடையும். எனவே கீறலின்றி மெருகிட்டது தரத்தின் ஓர் அடையாளமே. ஆனால் முதுகின் பொன்பூச்சும் அலகின் சித்திரமும் எஃகைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. முந்திய கட்டங்களின் சுவடுகளை மெருகு அழித்துவிடுவதால், ஒவ்வொரு கட்டத்தின் சோதனையும் மெருகுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கைப்பிடியை அலங்காரம் என்று கருதுவது தவறு. காம்பின் துளை சாய்வாக விழுந்தால் மூடும்போது அலகு ஒரு தகட்டை நோக்கிச் சாயும். வெட்டுவாய் தகட்டில் உரசி, பயன்படுத்தாமலே மழுங்கும். தகடுகளின் அடிமுனையிலுள்ள ஆப்பு சமமாக இல்லாவிட்டாலும் இதே விளைவு. தறையாணி தளர்ந்திருந்தால் கத்தி தன் எடையிலேயே திறந்துகொள்ளும், அது ஆபத்து. மிக இறுகியிருந்தால் திறக்கும் கை வழுக்கும். மென்மையான, சீரான தடையோடு திறப்பதே சரியான நிலை. தகட்டின் பொருளும் கவனத்துக்குரியது. கொம்பு ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும். நன்கு உலராத மரம் கோணும். பழைய செல்லுலாய்டு சிதையும்போது அமிலத் தன்மையுள்ள ஆவியை வெளியிடும். நெடுங்காலம் விற்காமல் பெட்டியில் கிடந்த புதுக் கத்திகளில், தகடு மூடியிருந்த பகுதி மட்டும் துருப்பிடித்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆலைக் கூர்

கடைசிக் கட்டம் தீட்டுதல். 1000 எண் கல்லில் இரு சரிவுகளும் ஒரு கோட்டில் சந்திக்கும்படி செய்து, 4000, 8000, 12000 என்று நுண்மையேற்றி, கடைசியில் தோல்வாரில் இழுப்பது பரவலான முறை. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் கிடைக்கும் கோட்டிகுல் கல்லும் ஜப்பானின் கியோட்டோ வட்டாரத்துக் கற்களும் நுண்தீட்டலுக்குப் பெயர்பெற்ற இயற்கைக் கற்கள். கரடுவேலைக்கு உதவும் குருந்தக்கல்லின் ஆங்கிலப் பெயரான கொரண்டம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனது.

புதுக் கத்திகளில் மிகப் பரவலான குறை இந்தக் கட்டத்தைச் சேர்ந்தது. பொறுமையான தீட்டலுக்கு ஒரு கத்திக்கு அரைமணிக்கு மேலும் ஆகலாம். தொழிற்சாலையின் கூலிக் கணக்கு அதற்கு இடம் தருவதில்லை. விரைவான தீட்டலில் சரிவுகள் சந்திக்காமலே நின்றுவிடலாம். மெல்லிய பிசிறு ஒன்று வெட்டுவாயில் தொங்கிக்கொண்டிருக்கலாம். முதல் சவரத்தில் அது கூராகத் தோன்றி, இரண்டாவதில் உதிரும். அவசரத்தில் அதிகம் அழுத்தினால் முதுகு தேய்ந்து கோணமே மாறிவிடும். 16 மில்லிமீட்டர் அகலக் கத்தியில் முதுகு 0.3 மில்லிமீட்டர் தேய்ந்தால் கோணம் ஏறத்தாழ ஒரு பாகை குறையும்.

சோதித்தவர்கள் யார்?

கத்தி செய்யும் ஊர்கள் இந்தக் குறைகளை நெடுங்காலமாக அறிந்திருந்தன. ஷெஃபீல்டு வட்டாரத்தின் கத்தித் தொழிலாளர் கழகம் 1624ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. செய்பவர்கள் தங்கள் முத்திரைகளைப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. மோசமான சரக்கின் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் கழகத்திடம் இருந்தது. ஜெர்மனியின் சோலிங்கனில் அடிப்பவர், தோய்ப்பவர், சாணை பிடிப்பவர், பிடி பொருத்துபவர் என்று வேலை பிரிந்திருந்தது. வுப்பர் ஆற்றங்கரைச் சாணைக்கூடங்களுக்கும் வணிகர் வீடுகளுக்கும் இடையே பெண்கள் கூடைகளில் கத்திகளைத் தலைச்சுமையாகச் சுமந்து சென்றனர். முந்தியவரின் கோணலைச் சரிசெய்யும் சுமை அடுத்தவர் தலையில் விழும் ஆகையால், வாங்கும் ஒவ்வொருவரும் பார்த்தே வாங்க வேண்டியிருந்தது. சோலிங்கன் என்ற பெயரின் மதிப்பைக் காக்க 1938இல் தனிச் சட்டமே வந்தது. பின்னர் 1994இல் வந்த ஒழுங்குவிதியின்படி, முக்கிய உற்பத்திக் கட்டங்கள் அந்த வட்டாரத்திலேயே நடந்தால்தான் சோலிங்கன் என்ற பெயரைப் பொறிக்கலாம். ஊர்ப்பெயர் பிறப்பிடத்துக்குச் சான்று. கையிலிருக்கும் ஒரு கத்தியின் முதுகு நேரா என்பதற்கு அது சான்றாகாது.

1903இல் விற்பனைக்கு வந்த ஜில்லெட்டின் பாதுகாப்புச் சவரக்கருவி இந்த ஏற்பாட்டின் அடித்தளத்தை அசைத்தது. மெல்லிய எஃகுப் பட்டையைக் கடினமாக்கிக் கூராக்கும் இயந்திரங்களை வில்லியம் நிக்கர்சன் உருவாக்கினார். தரம் தொழிலாளியின் கையிலிருந்து இயந்திரத்துக்கு மாறியது. மழுங்கியதைத் தீட்டாமல் எறியும் வழக்கம் பிறந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு அக்கருவி வழங்கப்பட்டபின் மடக்குக் கத்தியின் சந்தை வேகமாகச் சுருங்கியது. இன்று சோலிங்கனிலும் பிரான்சின் தியேர் நகரிலும் சில பட்டறைகளே தொடர்கின்றன. குழிவுச் சாணையில் கைதேர்ந்தவர்கள் குறைந்தபோது, ஒரு கத்தியின் மீது விழும் தேர்ந்த கண்களும் குறைந்தன. கையால் சாணை பிடிக்கும் கத்திகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், நூற்றுக்கு ஐந்தை எடுத்துப் பார்க்கும் மாதிரிச் சோதனை இங்கே போதாது. உலைக்கு மாதிரிச் சோதனை பொருந்தும். சாணைக்கும் பொருத்தலுக்கும் ஒவ்வொரு கத்தியையும் பார்ப்பதே வழி.

புதுக் கத்தியைப் பார்க்கும் முறை

பார்வை முதுகிலிருந்து தொடங்க வேண்டும். கத்தியைத் திறந்து, மூக்கிலிருந்து குதியை நோக்கி முதுகுக்கோட்டை ஒரு கண்ணால் பார்த்தால் வளைவும் முறுக்கும் தெரியும். வெர்னியர் அளவியால் முதுகின் தடிப்பையும் அலகின் அகலத்தையும் மூன்று இடங்களில் அளந்தால் விகிதம் தெரியும். மெதுவாக மூடினால் அலகு தகடுகளின் நடுவே இறங்குகிறதா என்பது தெரியும். சன்னல் வெளிச்சத்தில் அலகைச் சாய்த்துப் பார்த்தால், குழிவின் பளபளப்பில் ஒளிக்கோடு நெளியாமல் ஓட வேண்டும்.

அடுத்தது சரிவின் சான்று. வெட்டுவாயை ஒட்டி ஓடும் ஒடுங்கிய பளபளப்புப் பட்டை இரு பக்கமும், குதி முதல் மூக்கு வரை, ஒரே அகலத்தில் இருந்தால் அலகு நேர். ஒரு பக்கத்தில் நடுவில் அகன்றும் மறுபக்கத்தில் இரு முனைகளிலும் அகன்றும் இருந்தால் அலகு வளைந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் குதியிலும் மறுபக்கத்தில் மூக்கிலும் அகன்றிருந்தால் அலகு முறுகியிருக்கிறது. ஐயமிருந்தால் எழுதுகோல் மையைச் சரிவில் தடவி, நுண்கல்லில் ஒருமுறை மென்மையாக இழுத்துப் பார்க்கலாம். மை அழியாத இடம் கல்லைத் தொடாத இடம். இறுதியாக, பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியின்கீழ் வெட்டுவாயை விளக்கொளிக்கு நேராக நிமிர்த்திப் பார்க்க வேண்டும். சரிவுகள் சந்தித்த கூர் ஒளியைத் திருப்பாது. மின்னும் புள்ளி ஒவ்வொன்றும் சந்திக்காத இடமோ, பொரிந்த இடமோ ஆகும்.

கண்ட குறையை மூன்று வகையில் அடக்கலாம். விரிசல், கடினமாகாத எஃகு, சுட்டுப் பதம் இறங்கிய வெட்டுவாய், கடும் முறுக்கு, தவறிய விகிதம் ஆகியவை தீராதவை. அக்கத்தியைத் தீட்ட முயலாமல் திருப்பி அனுப்புவதே தக்கது, ஏனெனில் கல் பட்ட கத்தியைப் பல விற்பனையாளர்கள் திரும்ப ஏற்பதில்லை. சிறு வளைவு, உயர்ந்த தோள், சற்றுச் சாய்ந்த பிடி, தளர்ந்த ஆணி ஆகியவை தேர்ந்த கையால் தீருபவை. சிறு வளைவுள்ள அலகை ஓர் அங்குல அகலமே உள்ள ஒடுங்கிய கல்லில் உருட்டித் தீட்டினால் முழு வெட்டுவாயும் கல்லைத் தொடும். கூரின் குறைபாடு மூன்றாவது வகை. புதுக் கத்தி முதல் நாளில் சவரம் செய்யவில்லை என்பதால் மட்டும் அது கெட்ட கத்தியாகிவிடாது. முதுகு நேராகவும், எஃகு கடினமாகவும், பிடி நடுவாகவும் இருந்தால், கல்லில் ஒரு மணி நேர உழைப்பு அந்தக் கூரைத் தரும். பட்டறையில் சோதிப்பவரும் வீட்டில் வாங்கிப் பார்ப்பவரும் முதலில் பிரித்தறிய வேண்டியது, கல்லால் தீரும் குறை எது, தீராத குறை எது என்பதை.